தலைவலி வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகனுக்கு 13 வயது. ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபீலியா ஏ, கடுமையான வகை. ரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் எட்டு 1 சதவீதத்துக்கும் கீழே என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. போடும் ஃபாக்டரை முறியடிக்கும் இன்ஹிபிட்டர் இல்லை. வீக்கம் வந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஃபாக்டர் போட்டு வருவோம். மாதத்துக்கு இரண்டு, மூன்று தடவை ஆகிவிடுகிறது. வலது முட்டியை இப்போதே முழுதாக நீட்ட முடியவில்லை. நாங்கள் காட்டும் பெரிய மருத்துவமனையில், ரத்தக்கசிவு வராமலே தடுக்கும் ஒரு புது மருந்தின் சோதனையில் பையனைச் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். தோலுக்கடியில் போடும் ஊசியாம். ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தைக் குறைக்கிற மருந்து என்று தாளில் போட்டிருக்கிறது. முதல் ஆறு மாதம் அந்த மருந்தே தர மாட்டார்களாம், கணக்கு மட்டும் எடுப்பார்களாம். ‘பிள்ளையை வைத்துப் பரிசோதனை பண்ண விடமாட்டேன்’ என்கிறார் மாமியார். கணவர் ‘நீயே முடிவு செய்’ என்கிறார். என் தம்பி 9 வயதில் பல் பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்காமல் இறந்துபோனான். அப்போது இந்த நோயின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. வேலூரில் ஒரே தடவையில் குணமாக்குகிறார்கள் என்கிறார்களே, அதற்குக் காத்திருக்கலாமா? கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா? எனக்கு 11 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள்.

– திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த முட்டிதான். 13 வயதில் முட்டி முழுதாக நீளவில்லை என்றால் அந்த மூட்டுக்குள் பலமுறை ரத்தம் கசிந்து, உள்சவ்வு தடித்துப்போய், குருத்தெலும்பு தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீங்கின பிறகு ஓடிப்போய் ஃபாக்டர் போடுகிற இப்போதைய ஏற்பாடு உங்கள் மகனுக்குப் போதாது. சோதனையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவனுக்குத் தடுப்புச் சிகிச்சை வேண்டும்.

இதை என் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. 2007ல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. இரண்டரை வயதுக்குட்பட்ட 65 ஆண் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃபாக்டர் எட்டை ஒன்றுவிட்டு ஒரு நாள் முறையாகப் போட்டார்கள். மற்றப் பிரிவுக்குக் கசிவு வந்த பிறகு, தாராளமான அளவில் போட்டார்கள். ஆறு வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 93 சதவீதம் பேரின் மூட்டுகள் நன்றாக இருந்தன. இரண்டாவது பிரிவில் 55 சதவீதம்தான். வீக்கமே வராத மூட்டுகளிலும் சில கெட்டுப்போயிருந்தன. அதாவது வெளியே தெரியாமல், வலிக்காமல், துளித்துளியாகவும் கசிகிறது. நீங்கள் மாதத்துக்கு இரண்டு, மூன்று என்று எண்ணுவது கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும்தான்.

அந்த 65 குழந்தைகளின் பெற்றோரும் உங்களைப் போலத்தான் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருப்பார்கள். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 1980களில் உலகம் முழுக்க ஹீமோஃபீலியா நோயாளிகள் ஆயிரக்கணக்கில் ஃபாக்டர் மருந்து வழியாகவே எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானார்கள். புது மருந்து என்றதும் வீட்டுப் பெரியவர் நெஞ்சில் கைவைப்பது நியாயமே. அவரை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்காதீர்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய் அவர் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். நீங்கள் பெயரை எழுதவில்லை. ஆனால் ‘ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் புரதத்தைக் குறைக்கும் மருந்து’ என்ற அந்த ஒரு வரியிலேயே அது எந்த வகை என்று தெரிந்துவிடுகிறது.

நம் உடம்பில் ரத்தம் உறைவதை ஒரு தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் உறையவைக்கும் பொருட்கள், மறு தட்டில் அளவுக்கு மீறி உறையாமல் பார்த்துக்கொள்ளும் பொருட்கள். உங்கள் மகனுக்கு முதல் தட்டில் ஃபாக்டர் எட்டு இல்லை, அதனால் அது மேலே போய்விட்டது. இத்தனை காலமும் இல்லாததை வெளியிலிருந்து ஊற்றிச் சரிக்கட்டினோம். போட்ட ஃபாக்டர் எட்டில் பாதி 8 முதல் 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதால் வாரத்துக்கு மூன்று தடவைகூட நரம்பு தேட வேண்டியிருந்தது. புது வகை மருந்துகள் மறு தட்டில் கைவைக்கின்றன. அங்கிருப்பதைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் தராசு சமத்துக்கு வருகிறது. ஃபிட்டுசிரான் என்ற மருந்து ஈரலில் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் உண்டாவதைக் குறைக்கிறது. கான்சிசுமாப், மார்ஸ்டாசிமாப் என்ற இரண்டும் டி.எஃப்.பி.ஐ. என்ற இன்னொரு புரதத்தைத் தடுக்கின்றன. நரம்பு தேட வேண்டாம், வயிற்றுத் தோலிலோ தொடையிலோ போட்டுக்கொள்ளலாம்.

எமிசிசுமாப் என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு வழி. ஃபாக்டர் எட்டின் வேலை, ஒன்பது, பத்து என்ற மற்ற இரண்டு ஃபாக்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வைப்பது. எமிசிசுமாப் இரண்டு கை உள்ளவர் போல ஒரு கையால் ஒன்பதையும் மறு கையால் பத்தையும் பிடித்து அந்த வேலையைச் செய்கிறது. 2017 முடிவில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் கிடைக்கிறது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

தராசில் மறு தட்டைக் குறைக்கிற மருந்துகளின் நன்மை பெரிது. ஃபிட்டுசிரானை, உங்கள் மகனைப் போல இன்ஹிபிட்டர் இல்லாதவர்களிடம் சோதித்த பெரிய ஆய்வின் கட்டுரை 2023ல் வந்தது. அதன் முதல் ஆசிரியர் வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா. 120 பேரில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் கசிவு ஒன்றுகூட வரவில்லை. கசிந்த பிறகு ஃபாக்டர் போட்டுக்கொண்ட மற்றப் பிரிவில் ஆண்டுக்கு இருபதுக்கும் மேல். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தக் கணக்கு ஊசியின் பழைய, அதிகமான அளவில் எடுத்தது. அளவைப் பிற்பாடு குறைத்தார்கள். ஏன் குறைத்தார்கள் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான சங்கதி.

2017ல் ஃபிட்டுசிரான் சோதனையில் இருந்த ஒருவருக்கு இடுப்பு மூட்டில் வலி வந்தது. பழக்கப்படி ஃபாக்டர் எட்டு போட்டுக்கொண்டார். சில நாளில் கடுமையான தலைவலி. ஹீமோஃபீலியா நோயாளிக்குத் தலைவலி என்றால் எந்த மருத்துவரும் முதலில் என்ன நினைப்பார்? மூளையில் ரத்தக்கசிவு என்றுதான். அப்படியே நினைத்து மேலும் மேலும் ஃபாக்டர் கொடுத்தார்கள். அவர் இறந்துபோனார். பிறகு ஸ்கேன் படங்களைத் திரும்பப் பார்த்தபோது அது கசிவு அல்ல, மூளையின் சிரைக் குழாயில் ரத்தம் உறைந்த அடைப்பு என்று தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். கசிவு வந்தால் ஃபாக்டரை எவ்வளவு குறைவாகப் போட வேண்டும் என்று புது விதிகள் எழுதிய பிறகு டிசம்பரில் தொடர அனுமதி கிடைத்தது. 2020ல் மறுபடியும் உறைவுகள் தெரியவர, ஊசியை நிறுத்தி அளவைக் குறைத்தார்கள். இப்போது ஆன்டித்ராம்பினை 15க்கும் 35 சதவீதத்துக்கும் இடையில் வைத்திருப்பதுதான் இலக்கு. கடைசியில் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கான்சிசுமாபுக்கும் 2020ல் இதே கதை: மூன்று பேருக்கு உறைவு வந்து சோதனை நின்றது, அளவை மாற்றிய பிறகு அதே ஆண்டு ஆகஸ்டில் தொடர்ந்தது.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் தம்பி இறந்த விதம் உங்கள் மனதில் இருக்கிறது. ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்பது ஒன்றுதான் இத்தனை வருடமாக உங்கள் வீட்டின் பயம். இந்த வகை மருந்து உடம்பில் இருக்கும்போது நீங்கள் எதிர்ப்பக்கத்துப் பயத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். மகனுக்குத் தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலி, இப்படி எது வந்தாலும் அது கசிவாக இருக்கலாம், உறைவாகவும் இருக்கலாம். ஃபாக்டரைப் பழைய பழக்கத்தில் பழைய அளவில் போட்டுவிடக் கூடாது. அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருக்கும் டாக்டருக்கு இது தெரிந்திருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. தெரியாதது அவர் தவறும் ஆகாது.

ஆகவே கையெழுத்துக்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ராத்திரி இரண்டு மணிக்குப் பையனுக்குத் தலைவலி வந்தால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்? ‘மருத்துவமனைக்குப் போன் பண்ணுங்கள்’ என்று சொன்னால் விடாதீர்கள். ஒரு ஆளின் பெயர், கைபேசி எண், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் எண், இவ்வளவும் வேண்டும். பையன் எந்தச் சோதனையில் இருக்கிறான், கசிவு வந்தால் ஃபாக்டர் எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று அச்சடித்த அட்டை கேளுங்கள். ஒன்று பள்ளிப் பையில், ஒன்று உங்கள் கைப்பையில் இருக்கட்டும். நான் சில ஆண்டுகள், மருந்துச் சோதனைகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் ஒரு நெறிமுறைக் குழுவில் உறுப்பினராக இருந்திருக்கிறேன். அங்கே வரும் விண்ணப்பங்களில் நான் முதலில் தேடிப் படிப்பது இந்தப் பக்கத்தைத்தான். இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் குழு மற்றவற்றையும் ஒழுங்காகச் செய்யும் என்பது என் அனுபவம். சொல்லத் தெரியாமல் விழித்தார்கள் என்றால், மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

இனி அந்த ஆறு மாதக் கணக்கு. அது ஏமாற்று அல்ல. இந்த நோயில் வெற்று ஊசி போட்டு ஒப்பிடுவது அரிது. மருந்துக்கு முன் இதே பையனுக்கு எத்தனை தடவை கசிந்தது, மருந்துக்குப் பின் எத்தனை என்று அவனை அவனோடே ஒப்பிடுகிறார்கள். அதற்கு முன்கணக்கு சுத்தமாக வேண்டும். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உங்கள் மகன் இப்போது கசிவு வந்த பிறகு ஃபாக்டர் போடும் சிகிச்சையில் இருக்கிறான். அந்த ஆறு மாதமும் அப்படியே இருக்கச் சொன்னால், ஏற்கெனவே நீளாத முட்டியில் இன்னும் பல கசிவு சேரும். இந்த மாதிரிச் சோதனைகள் சிலவற்றில் முறையாகத் தடுப்பு ஃபாக்டர் போட்டுக்கொள்பவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. ‘என் பையனை முதலில் தடுப்பு ஃபாக்டரில் வையுங்கள், அந்தப் பிரிவில் சேர்த்துக்கொள்ள முடியுமா?’ என்று கேளுங்கள். முடியாது என்றால், சோதனைக்கு வெளியே அவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசம். தடுப்பு அளவில் வாராவாரம் தருவார்களா, எமிசிசுமாப் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எமிசிசுமாப் உங்கள் மகனுக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்று உறுதி தந்தால், நான் சோதனையைவிட அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். அதில் பல ஆண்டு அனுபவம் சேர்ந்துவிட்டது, நான்கு வாரத்துக்கு ஒரு ஊசிகூடப் போதும். கிடைக்காது, தடுப்பு ஃபாக்டரும் கிடைக்காது என்றால், அப்போது சோதனை நல்ல வழி. தயங்க வேண்டாம்.

கணக்கு என்றேன், அதிலும் ஒரு வார்த்தை. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பையன் இப்படி ஒரு தடுப்பு மருந்துச் சோதனையில் இருந்தான். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஒரு நாள் இரவு அவன் தூங்கும்போது அவன் அம்மா சாக்ஸைக் கழற்றியிருக்கிறார். சாக்ஸின் எலாஸ்டிக் பதிந்த தடம் கணுக்காலில் கயிறு கட்டி எடுத்தமாதிரி ஆழமாக இருந்தது. அந்தக் கால் மற்றக் காலைவிட ஒரு சுற்றுப் பெரிது. கசிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ‘சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்’ என்றான். எனக்கு அன்று மனசு மிகவும் சங்கடப்பட்டது. கசிவு வந்தால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்று நாங்கள் அவனிடம் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை. பெரியவர்களிடமே பேசிக்கொண்டிருந்தோம்.

உங்கள் மகனிடம் அதை முதல் நாளே சொல்லுங்கள். நோட்டில் அவனே எழுதட்டும்: தேதி, எந்த மூட்டு, எத்தனை மணிக்குத் தெரிந்தது, என்ன செய்துகொண்டிருந்தான், ஃபாக்டர் எத்தனை யூனிட், எப்போது தணிந்தது. வீக்கம் வரும் முன்னாலேயே ‘உள்ளே கூசுது’, ‘குடையுது’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதையும் எழுதட்டும். நீங்கள் தினம் ஒருமுறை புறங்கையால் இரண்டு முட்டியையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் அது கசிவாக இருக்கலாம்.

அவன் சம்மதமும் வேண்டும். 13 வயதுப் பையனிடம் அவனுக்குப் புரியும் மொழியில் விளக்கி, அவன் தனியாகக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. புது மருந்தின் சோதனையில் குழந்தைகளைச் சேர்க்கும்போது விளக்கிச் சம்மதம் வாங்குவதை வீடியோவாகப் பதிவுசெய்வார்கள். கேமராவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உங்கள் பாதுகாப்புக்குத்தான். தாள் தமிழில் இருக்க வேண்டும். அன்றே கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, புரியாத வரிக்கு அடியில் கோடு போட்டு, திரும்பப் போய்க் கேளுங்கள். அந்தத் தாளில் இந்தியாவின் மருந்துச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனை எதுவும் அந்தப் பதிவு இல்லாமல் தொடங்கக் கூடாது. சோதனையால் பையனுக்குப் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதை யார் தருவார்கள் என்ற வரியும் தாளில் இருக்கும்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆனால் நீங்கள் விலகிய அன்றே மருந்தும் விலகிவிடாது. ஃபிட்டுசிரான் மாதிரி மருந்து என்றால் ஊசியை நிறுத்திய பிறகும் பல மாதங்களுக்கு அதன் வேலை உடம்பில் இருக்கும். அதுவரை அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பல் பிடுங்க, வேறு ஆபரேஷனுக்கு, எதற்குப் போனாலும் அட்டையைக் காட்டுங்கள். அப்புறம், சோதனை முடிந்ததும் மருந்து கிடைக்குமா? மருந்து நன்மை செய்து, வேறு வழியும் இல்லாமல், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால் இலவசமாகத் தர விதியில் இடம் உண்டு. இடம் உண்டு என்பதும் நிச்சயம் கிடைக்கும் என்பதும் ஒன்றல்ல. இரண்டு வருடம் கசிவே இல்லாமல் ஓடி விளையாடிய பையன் மறுபடியும் வீக்கத்துக்குத் திரும்புவது அவனுக்கு ரொம்பக் கஷ்டம். இதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வேலூர் பற்றி: நீங்கள் கேள்விப்பட்டது மரபணுச் சிகிச்சை. 2024 டிசம்பரில் அதன் முடிவு வந்தது, எனக்கும் பெரிய சந்தோஷம். ஆனால் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்து பேர், ஐவரும் பெரியவர்கள். அவர்களுடைய ரத்த மூலச்செல்களை எடுத்து மாற்றி, கீமோ மருந்து கொடுத்து, திரும்பச் செலுத்துகிற பெரிய வேலை அது. 13 வயதுப் பையனின் முட்டி அதற்காகக் காத்திருக்க முடியாது.

கடிதத்தின் கடைசி வரியில் மகளைப் பற்றிச் சும்மா சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். அவள் உங்கள் வழியில் இந்த மரபணுவைச் சுமக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. சுமக்கும் பெண்களில் சிலருக்கும் ஃபாக்டர் எட்டு குறைவாக இருக்கும், மாதவிலக்கில் அளவுக்கு மீறி ரத்தம் போகும். அதை ‘சில பெண்களுக்கு அப்படித்தான்’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அவள் வயதுக்கு வரும் முன்பே ஒருமுறை ஃபாக்டர் எட்டு அளவு பார்த்துவிடுங்கள், உங்களுக்கும் சேர்த்து. மகனின் சந்திப்புக்குப் போகும் அதே நாளில் மூன்று பேருமாகப் போய்விட்டு வரலாம். பல் டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தால், முடிவு வரும்வரை அவளுக்கும் தள்ளிவையுங்கள்.